கொலம்போவின் 'மர்டர் பை தி புக்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் முதல் சீசன், 1971 செப்டம்பர் 15-ஆம் தேதி என்பிசி சேனலில் 'மர்டர் பை தி புக்' என்ற கதையோடு தொடங்கியது. ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் இதற்குப் புதிய ரசிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகளையும், பத்து முறை பார்த்தவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கொலைகாரன் யார் என்பது இந்தக் கதையில் ரகசியமே இல்லை, அதனால் அதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். எப்படிப் பிடிபடுகிறான் என்பது தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் 'முடிவு' என்று போட்டிருக்கும் கேள்வியையும் அதை அடுத்து வருவதையும் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை என்ன?

கென் ஃபிராங்க்ளின், ஜிம் ஃபெரிஸ் என்று இரண்டு எழுத்தாளர்கள். 'மிஸஸ் மெல்வில்' என்ற வயதான பெண்மணி துப்பறியும் நாவல்களை இருவரும் சேர்ந்து எழுதிப் பெரும் புகழும் பணமும் சம்பாதித்தவர்கள். அட்டையில் இருவர் பெயரும் இருக்கும், ஆனால் எழுதுவதெல்லாம் ஜிம்தான். கென்னின் வேலை பேட்டி கொடுப்பது, விருந்துகளுக்குப் போவது, பதிப்பாளர்களிடம் சிரித்துப் பேசுவது. ஒருநாள் ஜிம், இனி தனியாக எழுதப்போகிறேன் என்கிறான். ஜிம் இல்லாவிட்டால் கென்னுக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் ஜிம் செத்தால் இன்சூரன்ஸ் பணம் உண்டு.

கென் சமாதானம் பேசுவதுபோல் வந்து, சான் டியாகோ பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு ஜிம்மைக் காரில் அழைத்துப் போகிறான். கிளம்பும் முன் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு மேலே போய் ஆபீஸைக் கலைத்துப் போடுகிறான். ஏரிக்கரை வீட்டுக்குப் போனதும், ஆபீஸில் இருந்து பேசுவதாக மனைவி ஜோவான்னாவுக்கு போன் செய்யும்படி ஜிம்மிடம் சொல்கிறான். ஜிம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறான். லாஸ் ஏஞ்சலஸில் போனைக் காதில் வைத்திருக்கும் ஜோவான்னாவுக்கு வெடிச் சத்தம் கேட்கிறது. அவளைப் பொறுத்தவரை கணவன் ஆபீஸில் சுடப்பட்டிருக்கிறான். கென்னோ இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறான். கூடவே, ஜிம் மாஃபியாவைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தான் என்று ஒரு கதை, அதற்கு ஆதாரமாகப் பெயர்கள் எழுதிய ஒரு பட்டியல்.

பிறகு கசங்கிய மழைக்கோட்டோடு லெப்டினன்ட் கொலம்போ வருகிறார்.

கொலைகாரன் யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன சுவாரசியம்?

இந்த முறையை 'கொலம்போ' கண்டுபிடிக்கவில்லை. ஆர். ஆஸ்டின் ஃபிரீமேன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-ல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பிலேயே கொலையை முதல் பாதியில் காட்டிவிட்டு, துப்பறிவாளர் அதை எப்படி அவிழ்க்கிறார் என்று இரண்டாம் பாதியில் சொல்லிப் பார்த்தார். தொலைக்காட்சியில் அதைப் பழக்கமான ஒன்றாக்கியது கொலம்போதான்.

யார் செய்தது என்ற கேள்வி போய்விட்டால், ஆட்களைப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. கென் பொய் சொல்லும்போது அது பொய் என்று நமக்குத் தெரியும், அதனால் அவன் அதை எவ்வளவு அழகாகச் சொல்கிறான் என்று கவனிக்கிறோம். கொலம்போ சும்மா கேட்பதுபோல் ஒன்றைக் கேட்டு, வாசல் வரை போய்த் திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்னும்போது வயிறு கலங்குவது கென்னுக்கு மட்டும் இல்லை. பாதிக் கதையில் நாமே கொலைகாரன் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஐயோ அதைச் சொல்லித் தொலைக்காதே என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இதை இயக்கியது அந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்தானா?

அவரேதான். அப்போது அவருக்கு 24 வயது. யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஒப்பந்தத்தில் இருந்து, கொடுத்த தொலைக்காட்சி வேலைகளைச் செய்துகொண்டிருந்த பையன். 1969-ல் 'நைட் கேலரி' என்ற தொலைக்காட்சிப் படத்தில் நடிகை ஜோன் கிராஃபோர்டை வைத்து ஒரு பகுதி எடுத்திருந்தார். 'கொலம்போ' ஒளிபரப்பாகி இரண்டே மாதத்தில், 1971 நவம்பரில், 'டூயல்' என்ற தொலைக்காட்சிப் படம் வந்து அவர் பெயரை ஊரறியச் செய்தது. 'ஜாஸ்' வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் பிற்காலத்தில் இதை ரசித்துச் சொல்லியிருக்கிறார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கேமராவை வைத்து நீண்ட லென்ஸில் ஸ்பீல்பெர்க் தன்னை எடுத்தாராம். அந்தக் காலத் தொலைக்காட்சியில் அது வழக்கமில்லை. 'இந்தப் பையன் கொலம்போவுக்கு அதிகப்படி' என்று தயாரிப்பாளர்களிடம் அப்போதே சொன்னதாகவும் ஃபால்க் நினைவுகூர்ந்தார்.

ஸ்பீல்பெர்க்குக்குப் பக்கபலமாக ஒளிப்பதிவில் இருந்தவர் ரஸல் மெட்டி. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' படத்தை எடுத்தவர், 'ஸ்பார்டகஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 24 வயது இயக்குநரையும் இப்படிப்பட்ட பெரியவரையும் ஒன்றாகப் போட்டது யாருடைய யோசனையோ, பலன் திரையில் தெரிகிறது.

எல்லோரும் அந்தத் தொடக்கக் காட்சியைப் பற்றியே பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் ஒரு கார் வருகிறது. இன்ஜின் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. டைப்ரைட்டர் சத்தம் மட்டும் கேட்கிறது. தட் தட் தட் என்று அடி, வரி முடிந்ததும் மணி, மறுபடி அடி. கார் சன்செட் பூல்வார்ட் வழியாக வந்து ஓர் உயரமான கட்டடத்தின் அடியில் நிற்கும்போது, அதை நாம் மேலே ஒரு ஜன்னலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிகிறது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஜிம் முதுகைக் காட்டிக்கொண்டு டைப் அடிக்கிறான். கீழே அவனைக் கொல்லப் போகிறவன் காரைவிட்டு இறங்குகிறான். ஒருவன் உழைக்கும் சத்தத்தின் மேல் இன்னொருவன் சொகுசாகக் காரோட்டி வருகிறான். ஒரு வசனம்கூடப் பேசாமல் இருவரின் கூட்டணி எப்படிப்பட்டது என்று சொல்லியாகிவிட்டது.

பில்லி கோல்டன்பெர்க் இசையிலும் இந்த டைப்ரைட்டர் தாளம் பிறகு வந்து கலந்துகொள்கிறது. ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.

அடுத்து கதவு திறந்ததும் கென் துப்பாக்கியை நீட்டுவான். ஜிம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் விளையாட்டு என்று புரிந்து சிரிப்பான். கொலையை முதலில் ஜோக்காகக் காட்டிவிட்டுப் பிறகு நிஜமாகச் செய்வது, பார்ப்பவர்களை ஏமாற்றுவதற்கு நல்ல வழி. இரண்டாவது முறை துப்பாக்கி வரும்போது நாமும் கொஞ்சம் அசந்துதான் இருப்போம்.

எழுதியது யார்?

ஸ்டீவன் பாச்கோ. அவருக்கும் அப்போது 27 வயதுதான். பத்து வருடம் கழித்து 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்', அதற்குப் பிறகு 'எல்.ஏ. லா', 'என்ஒய்பிடி புளூ' என்று அமெரிக்க போலீஸ், வக்கீல் தொடர்களின் முகத்தையே மாற்றியவர். ஆக, சினிமாவைத் திருப்பிப்போட்ட ஒருவரும் தொலைக்காட்சியைத் திருப்பிப்போட்ட ஒருவரும் பெயர் தெரியாத வயதில் செய்த வேலை இது.

கொலம்போ என்ற பாத்திரத்தை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க். பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாக எழுதிய நண்பர்கள். இரட்டை எழுத்தாளர்கள் உருவாக்கிய தொடரின் முதல் கதையிலேயே இரட்டை எழுத்தாளர்களில் ஒருவன் மற்றவனைக் கொல்கிறான்! தயாரிப்பு அலுவலகத்தில் இதை வைத்து எத்தனை கிண்டல் நடந்திருக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம். லெவின்சனும் லிங்க்கும் கடைசி வரை ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். 1987-ல் லெவின்சன் இறக்கும்வரை கூட்டு தொடர்ந்தது.

கொலம்போ திரையில் வர ஏன் இவ்வளவு நேரம்?

கொலை முழுதாக முடிய வேண்டும், நமக்குத் திட்டம் முழுதாகப் புரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹீரோ. சம்பளம் அதிகம் வாங்கும் நடிகரை இப்படிக் காக்கவைக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் துணிச்சல் வேண்டும்.

வரும் இடமும் சாதாரணமான இடம். கலைந்து கிடக்கும் ஆபீஸுக்கு வெளியே வராந்தாவில் ஜோவான்னா தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். பக்கத்தில் யாரோ ஒருவர். பேசத் தொடங்கிய பிறகுதான் அவர் போலீஸ் என்று தெரிகிறது. தடதடவென்று படியேறும் பூட்ஸ் இல்லை, திரும்பிப் பார்க்கும் முகத்துக்கு இசை இல்லை.

ஆம்லெட் காட்சி தேவையா? கதை நின்றுவிடுகிறதே?

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

மற்ற போலீஸ்காரர்கள் ஜோவான்னாவைக் கேள்விகளால் துளைத்துக் களைக்கவைத்துவிட்டார்கள். கொலம்போ அவளை வீட்டில் கொண்டுவிடுகிறார். உள்ளே வந்து, உங்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்கிறார். தனக்குச் சமையல் சுத்தமாக வராது, ஆனால் ஆம்லெட் மட்டும் நன்றாகப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே, யாரோ ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில் பாத்திரத்தைத் தேடி முட்டையை உடைக்கிறார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றுவதில்லை. பேச்சு அங்குமிங்கும் போகிறது. நடுநடுவே உங்கள் கணவர் எப்படி வேலை செய்வார், கென் எப்படிப்பட்டவர் என்று ஒன்றிரண்டு கேள்வி.

இது அன்பா, விசாரணையா? இரண்டும்தான். பசித்தவளுக்குச் சாப்பாடு போடுவதும் உண்மை, அவள் வாயைத் திறக்கவைப்பதும் உண்மை. பீட்டர் ஃபால்க் இதில் எந்தப் பக்கமும் சாயாமல் நடிக்கிறார். பிறகு வரும் எத்தனையோ கதைகளில் கொலம்போ கொலைகாரர்களிடம் அப்பாவி வேஷம் போடுவார். அந்த அப்பாவித்தனம் முழுக்க வேஷம் இல்லை என்று நாம் நம்புவதற்கு இந்த அடுப்பங்கரைதான் காரணம்.

1968-லேயே ஒரு கொலம்போ படம் உண்டே? இது எப்படி முதல் கதை?

'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' (1968), 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்' (1971 மார்ச்) இரண்டும் தொடருக்கு முன்னோட்டமாக எடுத்த தனிப் படங்கள். வழக்கமான தொடராக ஒளிபரப்பானதில் இதுதான் முதல். இன்னும் பின்னால் போனால், 1960-ல் ஒரு நேரடி ஒளிபரப்பு நாடகத்தில் பெர்ட் ஃபிரீட் என்ற நடிகர் கொலம்போவாக வந்தார். 1962-ல் மேடையில் தாமஸ் மிட்சல் நடித்தார். ஃபால்க் மூன்றாமவர். ஆனால் அவருக்குப் பிறகு வேறு முகத்தை யாரும் நினைப்பதில்லை.

முன்னோட்டங்களைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் ஒன்றும் புரியாமல் போகாது.

வாராவாரம் வந்த தொடரா?

இல்லை. 'என்பிசி மிஸ்டரி மூவி' என்ற பெயரில் 'கொலம்போ', 'மெக்ளவுட்', 'மெக்மில்லன் அண்ட் வைஃப்' என்று மூன்று தொடர்களை ஒரே நேரத்தில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதனால் முதல் சீசனில் ஏழே கதைகள்தான். ஒவ்வொன்றும் விளம்பரத்தோடு ஒன்றரை மணி நேரம், விளம்பரம் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பக்கம். 1978 வரை என்பிசியிலும், 1989 முதல் 2003 வரை ஏபிசியிலுமாக மொத்தம் 69.

கொலம்போவுக்கு எந்த இடத்தில் சந்தேகம் வருகிறது?

என் கணக்கில் முதல் இரவிலேயே. செய்தி கேட்ட கென் சான் டியாகோவில் இருந்து காரோட்டிக்கொண்டே வருகிறான். நண்பனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று யாராவது போனில் சொன்னால் ஓடிப்போய் விமானம் பிடிக்கமாட்டோமா என்று கொலம்போ யோசிக்கிறார். கென்னிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது, விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் காரிலேயே வந்துவிடலாம் என்று. ஆனால் காரில் ஏன் வர வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியும். பிணம் வண்டியில் இருந்தது.

அதைவிட நுட்பமானது தபால் விஷயம். கென் தன் வீட்டுப் புல்வெளியிலேயே ஜிம்மின் உடலைப் போட்டுவிட்டு, வந்து பார்த்தால் கிடந்தது என்று போலீஸைக் கூப்பிடுகிறான். வந்த கொலம்போவின் கண் மேஜைமேல் பிரித்துக் கிடக்கும் கடிதங்களில் விழுகிறது. இத்தனை வருட நண்பனின் பிணத்தைப் பார்த்துவிட்டு, போலீஸ் வருவதற்குள் ஒருவனுக்குத் தபாலைப் பிரித்துப் படிக்கத் தோன்றுமா? வெறும் பில்கள்தான், மனதை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன் என்கிறான் கென். சரி சரி என்று கொலம்போ தலையாட்டுகிறார்.

இந்த இரண்டுமே கைரேகை போலவோ ரத்தக்கறை போலவோ பொருள் சாட்சியம் இல்லை. துக்கத்தில் இருக்கும் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்ற உலக அனுபவம்தான். வக்கீல் ஒரே நிமிஷத்தில் ஊதித்தள்ளிவிடுவார். ஆனால் கொலம்போவுக்கு அந்த நிமிஷமே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுக்க அதை நிரூபிக்கும் பாடு.

லில்லி லா சாங்கா யார்? இரண்டாவது கொலை எதற்கு?

ஏரிக்கரை வீட்டுக்குப் போகும் வழியில் கென் ஒரு சின்னக் கடையில் நிறுத்துகிறான். அந்தக் கடைக்காரப் பெண்தான் லில்லி. கென் மீது அவளுக்கு ஒரு ஈர்ப்பு. வெளியே காரில் ஜிம் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்துவிடுகிறாள். அன்று இரவு லாஸ் ஏஞ்சலஸ் ஆபீஸில் செத்ததாகச் சொல்லப்படும் ஆள்! விஷயம் புரிந்ததும் போலீஸுக்குப் போகாமல் கென்னிடம் வருகிறாள், 15,000 டாலர் கேட்கிறாள். மிரட்டுகிறவள் மாதிரியே இல்லை, கூச்சமும் சிரிப்புமாகக் கேட்கிறாள். பணத்தைவிடக் கென்னோடு ஒரு சாயங்காலம்தான் அவளுக்கு வேண்டியிருக்கிறதோ என்று தோன்றும். கென் ஷாம்பெயின் பாட்டிலோடு வருகிறான், அந்தப் பாட்டிலாலேயே அவளை அடித்துக் கொன்று படகில் கொண்டுபோய் ஏரியில் போடுகிறான்.

பார்க்கச் சங்கடமான பகுதி இது. ஜிம்மின் கொலை ஒரு புதிர்போலச் சுத்தமாக இருந்தது, ரசித்துவிட்டோம். லில்லியின் கொலையில் ரசிக்க எதுவுமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பாட்டு மேஜையை அலங்கரித்து வைத்திருக்கும் ஒருத்தியைக் கொல்வது. இவ்வளவு நேரம் கென்னின் சிரிப்பில் மயங்கியிருந்தவர்களுக்கு இங்கே அது தெளிந்துவிடும்.

கதைக்கு இது தேவையா என்று கேட்டால், இந்த இரண்டாவது கொலை இல்லாவிட்டால் கென் பிடிபட்டிருக்கவே மாட்டான். எப்படி என்பது அடுத்த பதிலில்.

முடிவு: கொலம்போ கடைசியில் எப்படிப் பிடிக்கிறார்?

இந்த முடிவுக்காகத்தான் நான் இந்தக் கதையை எல்லோரிடமும் சிபாரிசு செய்கிறேன்.

கொலம்போவின் யோசனை இப்படிப் போகிறது. முதல் கொலை அபாரம். போன், தூரம், வெடிச் சத்தம், மாஃபியா பட்டியல் என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. இரண்டாவது கொலை அவசர அடி, கத்துக்குட்டி வேலை. ஒரே ஆள் எப்படி இரண்டையும் செய்திருப்பான்? ஜோவான்னா மூலம் கென் ஒரு வரிகூட எழுதியதில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் இரண்டாவதுதான் கென்னின் சொந்தச் சரக்கு. முதலாவது வேறு யாரோ யோசித்தது. கென்னுக்கு யோசித்துக் கொடுப்பவர் யார்? செத்துப்போன ஜிம்தான்.

இதை ஒரு துப்பறிவாளரின் வேலை என்பதைவிட நல்ல வாசகரின் வேலை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கொலைகளையும் இரண்டு கையெழுத்துப் பிரதிகளாக வைத்துப் படித்துவிட்டு, இவை ஒரே கை எழுதியவை அல்ல என்று சொல்கிறார். மழைக்கோட்டு ஆசாமிக்குள் இருக்கும் விமர்சகர்!

அப்புறம் ஜோவான்னாவின் உதவியோடு ஜிம்மின் பழைய காகிதங்களைக் கொட்டித் தேடுகிறார். ஜிம்முக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம். கிடைத்துவிடுகிறது: ஒருவனைத் தொலைவான வீட்டுக்குக் கூட்டிப்போ, ஆபீஸில் வேலை இருக்கிறது என்று மனைவிக்கு போன் பண்ணச் சொல், பேசும்போதே சுடு. வரிக்கு வரி நடந்தது.

கென் அதற்குப் பிறகு மறுப்பதில்லை. ஆனால் தோற்றவன் போலவும் பேசுவதில்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, அது என்னுடைய யோசனை, எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை, எப்போதோ ஜிம்மிடம் சொன்னேன், அவன் அதை எழுதிவைப்பான் என்று யார் கண்டது என்ற ரீதியில் சொல்கிறான். கொலை வழக்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில்கூட அவனுக்கு முக்கியம், அந்தக் கதைக்கான பெருமை யாருக்கு என்பது. கொலம்போவின் ஊகத்தில் ஒரு துண்டு தவறு, ஆனாலும் ஆள் சரி.

கோர்ட்டில் இந்தக் கேஸ் நிற்குமா?

ஒரு காகிதமும் கென்னின் வாயும்தான் சாட்சி. காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியிடமும் போக முடியாது. துப்பறியும் கதை எழுதுகிறவன் கொலைத் திட்டம் எழுதிவைப்பதில் என்ன அதிசயம்? கென் கடைசிக் காட்சியில் வாயை மூடிக்கொண்டு வக்கீலைக் கூப்பிட்டிருந்தால் கொலம்போ நிறையச் சிரமப்பட்டிருப்பார்.

இந்தக் குறை தொடரின் பல கதைகளில் உண்டு, ரசிகர்கள் இதை வைத்து ஓயாமல் வாதாடுவார்கள். என் கட்சி என்னவென்றால், கென் விஷயத்தில் அந்த ஒப்புதல் ஒட்டவைத்ததாக இல்லை. யாரோ ஒருவரின் எழுத்துக்குத் தன் பெயரைப் போட்டே வாழ்ந்தவன், தன்னுடைய ஒரே சொந்தச் சரக்கும் ஜிம்முடையது என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பானா? வேறொரு கொலைகாரன் இதே காகிதத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இன்றைக்கு இந்தத் திட்டம் பலிக்குமா?

பலிக்காது. செல்போன் டவர், அழைப்புப் பதிவு, கார் போன பாதை எல்லாம் அரை மணி நேரத்தில் காட்டிக் கொடுத்துவிடும். 1971-ல் போன் எடுப்பவருக்கு மறுமுனை எங்கே இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அமெரிக்காவில் வெளியூருக்கே ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக டயல் செய்யலாம் என்ற வசதி அப்போது பரவியிருந்ததால்தான் இந்தத் திட்டமே ஓடுகிறது. நடுவில் ஓர் ஆபரேட்டர் வந்து பேசியிருந்தால் ஜோவான்னா அப்போதே விழித்திருப்பாள்.

கென்னாக நடித்தவர் வேறு கதைகளிலும் வருகிறாரா?

ஜாக் காசிடி. மேடையில் இருந்து வந்தவர், 'ஷீ லவ்ஸ் மீ' என்ற பிராட்வே இசை நாடகத்துக்காக டோனி விருது வாங்கியவர். 'கொலம்போ'வில் மூன்று முறை கொலைகாரர்: இது, 1974-ல் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்', 1976-ல் 'நவ் யூ சீ ஹிம்'. பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டே எதிராளியை மட்டம் தட்டுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஃபால்க் எதிரே நின்று குழப்பமாகத் தலையைச் சொறியச் சொறிய, இவர் சட்டைக் காலரைக்கூடக் கலையவிடாமல் பதில் சொல்வார். சிலருக்கு மூன்றாவதுதான் அவருடைய உச்சம். எனக்கு முதலாவதே. 1976 டிசம்பரில் தன் அபார்ட்மென்ட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்துபோனார், வயது 49. பாடகர் டேவிட் காசிடி இவருடைய மகன்.

மற்றவர்கள்?

ஜிம்மாக வரும் மார்ட்டின் மில்னர் அதே நேரத்தில் 'ஆடம்-12' என்ற தொடரில் ரோந்து போலீஸ்காரராக நடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்க வீடுகளில் எல்லோருக்கும் போலீஸாகத் தெரிந்த முகம், இங்கே பிணமாகிறது. ஜோவான்னாவாக ரோஸ்மேரி ஃபோர்சித்.

லில்லியாக வந்த பார்பரா கோல்பியின் கதை சோகமானது. கொஞ்ச நேரமே வந்தாலும் மறக்க முடியாதபடி நடித்த அவர், 1975 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை.

மிஸஸ் மெல்வில் நாவல்கள் கடையில் கிடைக்குமா?

கிடைக்காது, தொடருக்காகக் கற்பனை செய்தவை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் ஜாடை இருக்கிறது. 1984-ல் லெவின்சனும் லிங்க்கும் பீட்டர் ஃபிஷரோடு சேர்ந்து 'மர்டர், ஷீ ரோட்' தொடரை உருவாக்கியபோது, மர்மக்கதை எழுதும் வயதான பெண்மணிதான் கதாநாயகி. மிஸஸ் மெல்வில் அவர்கள் மனதில் எங்கோ உட்கார்ந்திருந்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கொலம்போவின் நாய் எங்கே?

இரண்டாம் சீசனில்தான் வரும். கொலம்போவின் மனைவி எந்தக் கதையிலும் திரையில் வரமாட்டார், தேடாதீர்கள்.

இதைப் போலீஸ் தொடர் என்று சொல்லலாமா? துரத்தல் இல்லை, சண்டை இல்லை.

கொலம்போ லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கொலைப் பிரிவு லெப்டினன்ட், எனவே போலீஸ் தொடர்தான். ஆனால் ஸ்டேஷனுக்குள் நடக்கும் வாழ்க்கை, மேலதிகாரியின் திட்டு, ஜீப், துப்பாக்கி, இவை ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள். லெவின்சனும் லிங்க்கும் தங்களுக்கு முன்மாதிரி என்று சொன்னது தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் போர்ஃபிரி பெத்ரோவிச்சை. கொலை செய்த ரஸ்கோல்னிகோவிடம் சுற்றிவளைத்துப் பேசியே கரைக்கும் அந்த விசாரணை அதிகாரியைப் படித்தவர்களுக்கு, கொலம்போ வாசலில் இருந்து திரும்பி வரும்போது பழகிய ஆளைப் பார்த்தது போலிருக்கும்.

இன்னொன்று, கொலம்போவின் கொலைகாரர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், பெரிய வீட்டுக்காரர்கள். பழைய காரும் கசங்கிய கோட்டும் வைத்திருக்கும் மாதச் சம்பளக்காரர் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, இந்த வீடு என்ன விலை இருக்கும் சார் என்று கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

இதுவே தொடரின் சிறந்த கதையா?

அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். நான் சொல்லமாட்டேன். நடுவில், லில்லி பகுதிக்கு முன்னால், கொஞ்சம் தொய்வு இருக்கிறது. கொலம்போவுக்கும் கென்னுக்கும் நேருக்கு நேர் மோதல் இன்னும் இரண்டு காட்சி இருந்திருக்கலாம். ஃபால்க்கும் இதில் இன்னும் அடக்கித்தான் வாசிக்கிறார், நமக்குப் பழகிய அந்தக் கோணங்கித்தனம் எல்லாம் பின்னால்தான் கூடியது. சிலருக்கு இந்த அடக்கமே பிடிக்கும். எடுத்த விதத்தில் இதற்கு ஈடு தொடரில் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

காசிடிக்காக என்றால் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்'. அதில் அவர் பதிப்பாளர், கொல்லப்படும் எழுத்தாளராக நிஜத் துப்பறியும் நாவலாசிரியர் மிக்கி ஸ்பிலேனே வருகிறார். மர்மக்கதை எழுதுகிறவரே கொலைகாரராகும் இன்னொரு கதை வேண்டுமென்றால் 1977-ல் வந்த 'டிரை அண்ட் கேட்ச் மீ', ரூத் கார்டனுக்காகவே பார்க்கலாம். கொலைகாரன் மேல் இரக்கம் வரும் கதை என்றால் டொனால்ட் பிளசன்ஸ் நடித்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' (1973). கொலம்போ தன் சொந்த மேலதிகாரியையே எதிர்த்து நிற்க வேண்டிவருவது 'எ ஃபிரெண்ட் இன் டீட்' (1974), அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைப் பார்த்துப் பழகிய பிறகு அதன் கடைசிக் காட்சி இன்னும் நன்றாக வேலை செய்யும்.